இது வன்முறை இல்லை, இது என் மச்சான்

நம் ஆட்களுக்கு ஒரு பட்டம் கிடைத்துவிட்டால் போதும். கொடுத்தவன் யார், எதற்குக் கொடுத்தான் என்று கேட்கவே மாட்டோம். மாலைக்குக் கழுத்தை நீட்டிவிடுவோம். எனக்குக் கிடைத்த பட்டம் 'மிக விரைவாகப் பதிலளிப்பவர்'. கொடுத்தது ஒரு சமூக ஊடக நிறுவனத்தின் கணினி. (நிறுவனத்தோட பேரு வேணாம். மறுபடியும் கோவிச்சுக்கிட்டா யாரு கால்ல போய் விழுறது?)

நானும் என் மனைவி கமலாவும் ஈப்போ நகரத்துச் சிலிபின் பகுதியில், வீட்டுக்குப் பின்னால் இறக்கிய கொட்டகையில், கல்யாணங்களுக்குச் சைவச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறோம். சமையல் அவள் பொறுப்பு, விளம்பரம் என் பொறுப்பு. அதாவது, அவள் வேலை செய்வாள், நான் அதைப் படம் எடுத்துப் போடுவேன். பல ஆயிரம் பேர் எங்கள் பக்கத்தைப் பின்தொடர்ந்தார்கள். கேட்கிறவர்களுக்கெல்லாம் பல் துலக்கும்போதுகூடப் பதில் போட்டுத்தான் அந்தப் பட்டத்தை வாங்கினேன். வாங்கியபின் அதைக் காப்பாற்றும் வெறி பிடித்தது. யாராவது போன் நம்பர் கேட்டால் கொடுக்க மாட்டேன், எல்லாவற்றையும் பக்கத்திலேயே பேசிக்கொள்ளலாம் என்பேன். போனில் பேசினால் பட்டத்துக்கான கணக்கில் சேராது அல்லவா?

ஒரு வெப்சைட் போட்டுக்கொள்ளலாம் என்று கமலா அப்போதே சொல்லிக்கொண்டிருந்தாள். பேர், விலாசம், போன் நம்பர், சாப்பாட்டு வகை, அவ்வளவு போதும் என்றாள். நான் சிரித்தேன்.

"நமக்கு எதுக்குலா வெப்சைட்? நாம என்ன ஏரோப்ளேனா ஓட்டுறோம்?"

கமலா எதுவும் சொல்லாமல் கத்தரிக்காய் நறுக்கப் போய்விட்டாள். அவள் பேசாமல் போனால் நான் ஜெயித்துவிட்டேன் என்று நம்பிய காலம் அது.

அந்த வருடத் தைப்பூசத்துக்குக் கமலாவின் தம்பி சேகர் காவடி எடுத்தான். லாரி ஓட்டுகிறவன், சொன்ன வாக்கு தவறாதவன். கன்னத்தில் அலகு, முதுகு முழுக்கக் கொக்கி, கொக்கியில் கட்டிய கயிற்றில் சின்ன ரதம். என் மச்சான் இழுத்துவரும் அழகை ஊர் பார்க்க வேண்டாமா? என் சொந்தக் கணக்கில் போட்டால் சொந்தக்காரர்கள் மட்டும்தான் பார்ப்பார்கள் என்று, தொழில் பக்கத்தில் நேரலையாக விட்டேன். முதுகுக்குப் பக்கத்தில் போய் ஒவ்வொரு கொக்கியாகக் காட்டினேன். எங்கள் பக்கத்தில் எதைப் போட்டாலும் அடியில் வழக்கமான விளம்பர வாசகம் தானாக வந்து உட்காரும்படி நான்தான் செய்து வைத்திருந்தேன். அதுவும் வந்து உட்கார்ந்தது: 'சுடச்சுட, சுத்தமாகச் செய்து தரப்படும். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு இன்றே முன்பதிவு செய்யுங்கள்.'

மறுநாள் காலையில் பக்கம் இல்லை. வன்முறைக் காட்சி வெளியிட்டதற்காக மூடியிருப்பதாக ஓர் அறிவிப்பு மட்டும் வந்திருந்தது. கணினியைச் சொல்லியும் குற்றமில்லை. அதற்கு முருகனையும் தெரியாது, சேகரையும் தெரியாது. ஒரு மனிதனைக் கொக்கியில் மாட்டி வைத்துக்கொண்டு எவனோ ஆர்டர் எடுக்கிறான் என்றுதான் அது நினைத்திருக்கும்.

மேல்முறையீடு செய்யலாம் என்று ஒரு பொத்தான் இருந்தது. பக்தி, நேர்த்திக்கடன், விரதம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தேன். பதற்றத்தில் என் ஆங்கிலம் எங்கேயோ ஓடிவிட்டது. கடைசியில் அனுப்பியது ஒரே வரி: "இது வன்முறை இல்லை, இது என் மச்சான்." அடுத்த நொடியே, கோரிக்கை நிராகரிக்கப்பட்டது என்று பதில் வந்தது. என்னைவிட விரைவாகப் பதிலளிப்பவர் அங்கே இருந்தார்.

அப்போதுகூட எனக்குப் பட்டம் போன கவலைதான். "ஞாயித்துக்கெழம கல்யாணம் எந்த மண்டபம்?" என்று கமலா கேட்டபோதுதான் நிஜமான கவலை எது என்று தெரிந்தது.

முந்நூறு பேருக்குச் சாப்பாடு. ஊர் ஆயர் தாவார் என்று தெரியும். என்னென்ன பதார்த்தம் என்று கமலாவுக்கு மனப்பாடம். மண்டபத்தின் இடத்தை, ஆர்டர் கொடுத்த மணப்பெண்ணின் அம்மா எங்கள் பக்கத்தின் உள்பெட்டியில் அனுப்பியிருந்தார், அது பக்கத்தோடு போய்விட்டது. அந்த அம்மாவின் பேர்கூட எனக்குத் தெரியாது. அவர் பக்கத்தில் படமும் ரோஜா, பேரும் ரோஜா. நான் ரோஜாக்கா என்று கூப்பிட்டேன், அவரும் ஏற்றுக்கொண்டார். தட்டெழுத வராது என்று எல்லாவற்றையும் குரல் பதிவாகத்தான் அனுப்புவார். புதுக் கணக்குத் திறந்து தேடினேன். இந்த நாட்டில் இத்தனை ரோஜாவா என்று மலைத்துப்போனேன்.

அதைவிட மோசமான ஒன்று பிறகுதான் உறைத்தது. நாங்கள் அவரைத் தேடுவதுபோல் அவரும் எங்களைத் தேடிக்கொண்டிருப்பார். பக்கத்தைத் தட்டினால் 'இது இப்போது இல்லை' என்று வரும். கூகுளில் எங்கள் பேரைப் போட்டால் எதுவுமே வராது. நம்பர் நான் கொடுக்கவில்லை. மகள் கல்யாணத்துக்குச் சமைக்கிறவன் காணாமல் போனால் ஒரு தாய் என்ன நினைப்பாள்? சனிக்கிழமை பருப்பு ஊறப்போடும்போது கமலா அழுதாள். நான் பார்க்காததுபோல் வெங்காயம் உரித்தேன். (வெங்காயம் இருந்தது வசதியாப் போச்சு.)

ஞாயிறு காலை சேகரின் லாரியில் அண்டாக்களை ஏற்றினோம். கமலா வீட்டில் பாயசத்தை முடித்துவிட்டு, சேகரின் மனைவியோடு காரில் பின்னால் வருவதாக ஏற்பாடு. நாங்கள் ஆயர் தாவாரில் விசாரித்ததில், அன்றைக்கு இரண்டு மண்டபங்களில் கல்யாணம் என்றார்கள்.

முதல் மண்டபத்தில் நுழைந்து, வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த பெரியவரிடம், ரோஜாக்கா இருக்கிறாரா என்று கேட்டேன்.

"எந்த ரோஜா? முழுப் பேரு என்னா?"

"பேரு தெரியாதுங்க. கொரல் தெரியும்."

அவர் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். நான் நிலைமையை விளக்காமல், பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசைப் பக்கமாக நடந்து, யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். வேறு வழி தோன்றவில்லை. முன்பின் தெரியாத ஒருவன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரிசை வரிசையாகப் பெண்களின் பேச்சைக் குனிந்து கேட்டால் எப்படி இருக்கும்? மாப்பிள்ளைத் தோழர்கள் இரண்டு பேர் வந்து என் தோள்மேல் கை போட்டார்கள். அன்பாகத்தான் போட்டார்கள், ஆனால் வாசல் வரைக்கும் எடுக்கவில்லை.

"நல்ல நாளும் அதுவுமா காச்சாவ் பண்ணாதீங்க அண்ணே, தொந்தரவு வேணாம். போங்க."

சேகர் லாரியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். முதுகு புண் ஆறாததால் சாய முடியாது. என்னைப் பார்த்து, "என்னா மாமா, ரோஜா கெடச்சுதா?" என்றான். அந்த முதுகில் ஒன்று வைக்கலாமா என்றிருந்தது.

இரண்டாவது மண்டபத்தின் பின்னால் புகை எழும்பிக்கொண்டிருந்தது. பத்துப் பதினைந்து பேர் விறகடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். ஆணும் பெண்ணுமாகப் பட்டும் சரிகையும் கட்டி, அதன்மேல் பழைய துண்டைச் சுற்றியிருந்தார்கள். அவர்களுக்கு நடுவிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"பக்கத்தையே மூடிட்டு ஓடிட்டான்லா, அந்த ஈப்போக்காரன். ஒரே நாள்ல எல்லாம் காணோம். நம்ம தோட்டத்து ஆளுங்க மட்டும் இல்லன்னா இன்னைக்கு என் மானம் போயிருக்கும்."

நான் ஒரு வாளி சாம்பாரோடு நின்றேன். ரோஜாக்காவை உயரமாக, பூசினாற்போல் நினைத்து வைத்திருந்தேன். என் தோள் உயரம்கூட இல்லாத மெலிந்த அம்மா. பெண்ணைப் பெற்றவர் மேடையில் இருக்க வேண்டிய நேரத்தில், கையில் கரண்டியோடு அடுப்படியில் நின்றார். துண்டாடி விற்கப்பட்டுவிட்ட ஒரு ரப்பர் தோட்டத்தில் ஒன்றாக இருந்தவர்கள் அவர்கள். இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். முதல்நாள் போன் போனதும் அண்டாவோடு வந்திருக்கிறார்கள். சோறும் ஒரு குழம்பும்தான் அவர்களால் முடிந்தது.

நான்தான் அந்த ஈப்போக்காரன் என்றேன். தைப்பூசம், சேகர், முதுகு என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். சேகரைத் திருப்பி, சட்டையைத் தூக்கிச் சாட்சியும் காட்டினேன். அடுப்படியில் யாரோ சிரித்தார்கள். ரோஜாக்கா சிரிக்கவில்லை.

"ஒங்கள திருடன்னு நெனச்சேன் தம்பி. திருடனுக்குக்கூட போலீஸ்ல ஒரு விலாசம் இருக்கும். ஒங்களுக்கு அதுவும் இல்லையே. நான் எங்க வந்து தேடுவேன்?"

அவர் சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையிலேயே பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதற்குள் சேகர் போனில் மண்டபத்தைச் சொல்லியிருந்ததால், கமலா பாயசத்தோடு வந்து சேர்ந்தாள். புடவையை இழுத்துச் செருகி, தோட்டத்து ஆட்களோடு பந்தியில் இறங்கினாள். அவர்கள் சோறும் எங்கள் கூட்டு, பொரியல், வடையும் ஒரே இலையில் விழுந்தன. ரோஜாக்கா மேடைக்குப் போனார். தாலி கட்டும் நேரத்துக்குத் தப்பாமல் போய்ச் சேர்ந்தார் என்பதில் மட்டும் எனக்கு இன்றைக்கும் ஒரு நிம்மதி.

அடுத்த வாரமே வெப்சைட் வேலை தொடங்கியது. அதில் பெரிய அலங்காரமெல்லாம் இல்லை. பேர், விலாசம், போன் நம்பர், வரைபடம், சாப்பாட்டு வகை, பெயரும் நம்பரும் எழுதி முன்பதிவு செய்ய ஓர் இடம். சமூக ஊடகத்தை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். புதுப் பக்கம் திறந்து இன்னமும் ஆவி பறக்கும் சோற்றைப் படம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஜனங்கள் இருக்கும் இடம் அதுதான். ஆனால் அது பாசார் மாலாம் என்கிற ராத்திரிச் சந்தை மாதிரி. கூட்டம் அள்ளும், கூவி விற்கலாம், இடம் மட்டும் நம்முடையதில்லை. எழுந்திரு என்றால் எழுந்திருக்க வேண்டும். அப்படி எழுப்பிவிட்ட அன்றைக்கு, நம்மை நம்பினவர்கள் வந்து கதவைத் தட்ட ஒரு வீடு வேண்டும். அதைத்தான் கமலா கத்தரிக்காயோடு சொன்னாள்.

வெப்சைட்டில் ஒரே ஒரு படம் மட்டும் நான் அடம்பிடித்துப் போட்டது. சேகர் சட்டையோடு, கையில் கரண்டியோடு நிற்பான். அடியில் அந்த மேல்முறையீட்டு வரி அப்படியே இருக்கிறது. இங்கே மூடச் சொல்ல எவனும் இல்லை. வீட்டில் சேகர் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டால் பிள்ளைகள்கூட அந்த வரியைத்தான் சொல்கிறார்கள்.

போன வருடம் ஒரு நாள் காலையில், வாசல் கேட்டுக்கு வெளியே ஒரு கார் வந்து நின்றது. ரோஜாக்கா இறங்கினார். சின்ன மகளுக்குக் கல்யாணமாம். ஆர்டரை வெப்சைட்டிலேயே எழுதி அனுப்பிவிட்டாராம். பேர் என்ற இடத்தில் தன் சொந்தப் பேரைப் போட்டு, பக்கத்திலேயே ரோஜா என்றும் எழுதியிருந்ததைக் கமலா பிறகு காட்டினாள். உள்ளே வந்து காப்பி குடிக்கக் கூப்பிட்டோம். வேண்டாம் என்றார். கேட்டைத் தொட்டுப் பார்த்தார், கதவு எண்ணைப் பார்த்தார், பின்னால் கொட்டகையை எட்டிப் பார்த்தார். காரைத் துடைத்துக்கொண்டிருந்த சேகரைப் பார்த்து, அன்றைக்குச் சிரிக்காத சிரிப்பைச் சிரித்தார்.

"மேப்ப பாத்துதான் வந்தேன். சும்மா ஒரு பார்வ பாத்துட்டுப் போலாம்னு. சரி, வீடு இருக்கு. நான் வாரேன்."

அவ்வளவுதான், காரில் ஏறிப் போய்விட்டார். ஆயர் தாவாரிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்து, அதற்காகவே வந்திருக்கிறார்.

இப்போது நான் வெளியே போய்விட்டு எத்தனை மணிக்கு வந்து கதவைத் தட்டினாலும், திறப்பதற்கு முன்னால் கமலா உள்ளிருந்து கேட்கிறாள், "யாரு, ஈப்போக்காரரா?" நான் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான். அதைச் சொன்னால்தான் கதவு திறக்கும்.

"ஆமா. வீடு இருக்கா?"