டிஸ்க்குக்கு ஊசி போட்ட கதை

கண் தெரியாதவன் எதையும் நாலு தடவை தடவிப் பார்த்துத்தான் செய்வான் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மலேசியாவின் ஈப்போ நகரில் அந்த நல்ல பெயரைத் தனி ஆளாகக் கெடுத்தவன் நான்.

எண்பதுகளின் கடைசி. பிறவியிலேயே பார்வை இல்லாத நான், ஒரு லாரி கம்பெனியில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து 'ஹலோ' சொல்லிச் சொல்லியே வாய் கோணிப் போயிருந்தேன். அப்போதுதான் ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டரும், திரையில் வரும் எழுத்தை மூக்கால் படித்துச் சொல்லும் ஒரு பேசும் பெட்டியும் வந்து சேர்ந்தன. எங்கள் தவுக்கே, அதாவது முதலாளி, எஸ்டேட் பக்கம் வளர்ந்த சீனர். தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு; கடைசியில் எங்கள் ஊர் 'லா' ஒன்று மட்டும் ஒட்டிக்கொள்ளும்.

"சவரி, மூணு மாசம் இதுல லெட்டர் எல்லாம் ஒழுங்கா அடி. டைப்பிங் மேசை ஒனக்கு. கோளாறு பண்ணுனா திரும்ப போர்டுதான் லா."

எனக்கு அந்த மேசை வேண்டும். (பக்கத்து மேசையில் டைப்பிஸ்ட் ரெஜினா இருந்ததும் ஒரு காரணம். பக்கத்து ஊர் லகாட்டிலிருந்து பஸ்ஸில் வருவாள். நல்ல சிரிப்பு.)

அடித்த கடிதங்களுக்கு நகல் எடுத்து வைக்க வேண்டும். அதற்கு வழி தேடிப் பெரிய ஆராய்ச்சியே நடத்தினேன். கம்ப்யூட்டரோடு வந்த நகல் புரோகிராம் கலர் கலராகப் பட்டை காட்டுமாம்; அதைக் கண்டால் பேசும் பெட்டி மௌன விரதம். டேப் மிஷினில் வேலை முடிந்தால் பச்சை விளக்கு எரியும் என்றார்கள். (யாருக்கு?) கடைசியில், கட்டளையைக் கையால் அடித்து, அட்டை போல வளையும் ஃபிளாப்பி டிஸ்க்கில் ஏற்றும் பழைய வழியைப் பிடித்தேன். முடிந்ததும் பெட்டி "ஃபைல் காப்பீட்" என்று வாயைத் திறந்து சொல்லும். ஆகா, என்ன மூளை எனக்கு!

ஆனால் தடவினால் எல்லா டிஸ்க்கும் ஒரே மாதிரி. ரெஜினா பெயர் எழுதித் தருகிறேன் என்றாள். "எழுதுனா எனக்கெப்படித் தெரியும்? நானே பாத்துக்கிறேன்" என்றேன் வீறாப்பாக. நகல் எடுத்து முடித்த டிஸ்க்கை அப்படியே பிரெயில் எழுத்துக் குத்தும் சட்டத்தில் செருகி, ஊசியால் டொக் டொக்கென்று தேதியைக் குத்தினேன். திருப்பித் தடவினால் புள்ளிகள் முத்து முத்தாக எழும்பி நின்றன. வாரத்துக்கு ஒரு புது டிஸ்க்; அதற்கு ஓர் ஊசி.

மூன்றாவது மாதம் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. உள்ளே இருந்ததெல்லாம் போச்சு என்று ரிப்பேர்காரர் கையை விரித்தார். தவுக்கே தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க தவுக்கே. எல்லாம் நம்மகிட்ட பத்திரமா இருக்கு" என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மாற்றுக் கம்ப்யூட்டரில் முதல் டிஸ்க்கைச் செருகினேன். ஆபீசே சுற்றி நின்றது. கர்ர்ர் என்று ஒரு முனகல். பிறகு பெட்டி பேசியது: "டேட்டா எரர். அபார்ட், ரீட்ரை, ஃபெயில்?"

அடுத்த டிஸ்க். அதற்கும் ஃபெயில். அதற்கடுத்தது, ஃபெயில். பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் இத்தனை தடவை ஃபெயில் என்று சொன்னதில்லை.

ரெஜினா ஒரு டிஸ்க்கை எடுத்துப் பார்த்தாள். "இதென்ன, அம்மை போட்ட மாதிரி இருக்கு?"

"பிரெயில். தேதி போட்டிருக்கேன்."

"எதால?"

"ஊசியாலதான்."

"ஐயோ மிஸ்டர் சவரி! இந்த உறைக்குள்ள காகிதம் மாதிரி ஒரு தகடு இருக்கு. லெட்டர் எல்லாம் அதுலதான் இருக்கு. அதையும் சேர்த்துல்ல குத்தியிருக்கீங்க!"

பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. ஆபீசில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"போர்டுக்குப் போ லா" என்றார் தவுக்கே.

"இருங்க தவுக்கே. இவர் லெட்டரை பிரிண்ட் எடுக்கும்போதெல்லாம் நான் கூடவே ஒரு காப்பி எடுத்து அலமாரியில வச்சிருக்கேன். எனக்கு இவர் மேல நம்பிக்கை இல்ல" என்றாள் ரெஜினா. சுரீரென்று உறைத்தது, ஆனாலும் போன உயிர் திரும்பி வந்தது.

"பேப்பரை வச்சு இவன் என்ன செய்வான்? யாரு படிச்சுக் காட்டுறது?"

"நான் படிக்கிறேன்."

சாப்பாட்டு நேரத்திலெல்லாம் அவள் படித்தாள், நான் அடித்தேன், பெட்டி மூக்கால் சரிபார்த்தது. மேசை எனக்கே கிடைத்தது. கடிதங்கள் தீர்ந்த பிறகும் அவள் படிப்பதை நிறுத்தவில்லை. செய்தித்தாள் படித்தாள், வாரப் பத்திரிகை படித்தாள், கடைசியில் எங்கள் கல்யாணப் பத்திரிகையையும் படித்தாள்.

மூத்த மகன் பத்து காஜா என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் பிறந்தான். அன்று நடந்ததை என் மச்சான்மார் இன்றைக்கும் விருந்துக்கு விருந்து சொல்லிச் சிரிக்கிறார்கள். பிள்ளையை மடியில் வாங்கி நெற்றி, மூக்கு, காது என்று ஆசை ஆசையாகத் தடவிக்கொண்டிருந்தேன். "என்ன பேரு வைக்கப் போறீங்க?" என்று நர்ஸ் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து ரெஜினாவின் குரல் வந்தது.

"அவர் என்ன பேரு வேணும்னாலும் வைக்கட்டும் மிஸ்ஸி. கையில ஊசி இல்லாம மட்டும் பாத்துக்குங்க."