இனி நீ மிக மோசமானவன் இல்லை, தம்பி

ரோக்காலுங்கா,
செவ்வாய்க்கிழமை காலை

அன்பும் பாசமும் அளவுக்கு மீறிய பிடிவாதமும் கொண்ட தம்பி உபால்தோவுக்கு அண்ணன் எவாரிஸ்தோ எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. திரியெஸ்தேயில் நீயும் உன் வயிற்றுப்புண்ணும் அமைதியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை என்பதால் விரைவுத் தபாலில் எழுதுகிறேன்.

முதலில் உட்கார்ந்துகொள். உன் பெயரை அழித்துவிட்டார்கள்.

கத்தால்தோவின் முடிதிருத்தும் கடைக் கண்ணாடிக்கு மேலே, "நமது கால்பந்துக் கழகத்தின் மிக மோசமான பயிற்சியாளர்" என்ற பலகையில் இருபத்திரண்டு வருஷமாக இருந்த உன் பெயரைத்தான் சொல்கிறேன். சாக்பீஸில் எழுதியதுதான், ஆனாலும் இத்தனை வருஷத்தில் மரத்தோடு ஊறிப்போயிருந்தது. சவர நுரையைத் தடவி ஊறவைத்துத் தேய்க்க வேண்டியதாயிற்று. தேய்த்தது நான்தான். முழங்கால் வலியோடு நாற்காலி மேல் ஏறித் தேய்த்தேன். இறங்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது நுரையால் வந்ததில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். இப்போதைய பயிற்சியாளர் கலேப்பி இருக்கிறாரே, போன ஞாயிறு வெளியூர் ஆட்டத்துக்குப் பையன்களை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். ஆலிவ் தோப்புச் சாலையில் ஒரு கறுப்புப் பூனை குறுக்கே ஓடிவிட்டது. வேறு ஏதாவது வண்டி முதலில் தாண்டட்டும் என்று பஸ்ஸை ஓரங்கட்டச் சொன்னார். அந்தச் சாலையில் வண்டி எங்கே வரும்? அரை மணி கழித்து ஒரு டிராக்டர் வந்தது. ஆனால் பஸ் நிற்கிற அழகைப் பார்த்ததுமே அந்த விவசாயிக்கு விஷயம் புரிந்துவிட்டது, அவரும் பின்னாலேயே நிறுத்திவிட்டு ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். கடைசியில் சைக்கிளில் வந்த ஒரு ஜெர்மன்காரர், ஒன்றும் தெரியாமல், எல்லோருக்கும் கையசைத்தபடி தாண்டிப் போனார். நம் அணி மைதானம் போய்ச் சேர்ந்தபோது நடுவர் குளித்துத் தலைவாரிக் கிளம்பிக்கொண்டிருந்தாராம். ஆடாமலே மூன்றுக்குச் சைபர் என்று தோற்றோம்.

நேற்று திங்கள், கத்தால்தோ கடைக்கு விடுமுறை. வழக்கம்போல ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பலகையில் இனி உன் பெயரா, கலேப்பியின் பெயரா என்று பதினோரு பேர் விவாதத்துக்கு உட்கார்ந்தோம். கத்தால்தோ உன்னை விடுவதாக இல்லை. தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றதும் நீ அணியைத் தண்டனையாக மடத்தில் ஒரு வாரம் அடைத்துவைத்ததையும், எட்டாம் நாள் எல்லோரும் திரும்பிவர, லீகிலேயே அதிக கோல் போட்ட பையன் மட்டும் துறவியாகி அங்கேயே தங்கிவிட்டதையும் மறுபடி முதலிலிருந்து சொன்னான். அந்தப் பையன் இன்றைக்கும் அங்கே தேன் விற்கிறானாம், நல்ல தேனாம். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"பூனைக்கு நிக்கிறது ஒரு குத்தமா அண்ணே? நீங்க அந்த பஸ்ஸுல இருந்திருந்தா போகச் சொல்லியிருப்பீங்களா?"

தம்பி, உன்னிடம் பொய் சொல்வானேன், அந்தப் பதினோரு பேரில் ஒருவன்கூடப் போயிருக்க மாட்டான். வழக்கு கைநழுவுகிறது என்று எனக்கு வியர்த்துவிட்டது. என் மகள் லொரேதானாவின் முகம் கண் முன்னால் வந்தது. "சித்தப்பாதான் எனக்கு ஞானத்தகப்பன், அவர் வரலேன்னா என் கல்யாணத்துல சாட்சி நாற்காலி காலியாவே இருக்கட்டும்" என்று அவள் சொன்னதும், அந்தப் பலகையில் பெயர் இருக்கும்வரை இந்த ஊர் மண்ணை மிதிக்க மாட்டேன் என்று நீ சொன்னதும், நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழிப்பதும் உனக்குத் தெரியாததா? மெதுவாக எழுந்தேன்.

"நானும் நின்னுருப்பேன்தான்" என்றேன். "ஆனா பஸ்ஸுக்குப் பின்னாடியே சட்டை மூட்டை ஏத்தின நம்ம வேன் வந்துச்சே. அதை முன்னால விட்டிருக்கலாமில்ல? ரெண்டையும் சேத்து நிறுத்திவெச்ச ஆளை என்னன்னு சொல்றது? எந்தம்பி முட்டாள்தனம் பண்ணினான், ஆனா நேரத்துக்கு மைதானத்துக்குப் போய்த் தோத்தான்."

ஓட்டெடுப்பு: ஒன்பதுக்கு இரண்டு. கத்தால்தோகூட என் கையைக் குலுக்கினான். அதற்கப்புறம் உன்னைப் பற்றி அரை மணி நேரம் நல்லதாகப் பேசினேன் தம்பி, என்னை யாரும் நிறுத்தவில்லை. நீ சொல்லிக்கொடுத்த தற்காப்பு, நீ கண்டெடுத்த கோல்கீப்பர், துறவி விஷயத்தில் உன் தப்பே இல்லை, அது கடவுள் செய்த வேலை என்று எல்லாம். ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். இருபத்திரண்டு வருஷத்தில் அப்படித் தூங்கியதே இல்லை.

ஆகவே தயங்காமல் கிளம்பி வா. கல்யாணம் வரும் இருபத்தைந்தாம் தேதி, சனிக்கிழமை. நல்ல கோட்டு ஒன்று கொண்டு வா. உனக்கும் உன் வீட்டாருக்கும் நம் ஊர்ப் புனிதர் துணையிருக்கட்டும். அண்ணி உனக்கு முத்தங்கள் அனுப்பச் சொன்னாள்.

உன் அண்ணன்,
எவாரிஸ்தோ

பி.கு.: தபால் நிலையத்தில் நின்றபடியே எழுதுகிறேன். வராதே. கலேப்பியை இன்று காலை நீக்கிவிட்டார்கள். நேற்று நான் பேசும்போது கழகத் தலைவர் லத்தான்சியோ ஷட்டருக்கு வெளியே நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாராம். மீதமிருக்கும் இரண்டு ஆட்டத்துக்கும் நீதான் பயிற்சியாளர் என்று கடை வாசலிலேயே தீர்மானம் போட்டுவிட்டார்கள், உன்னை அழைத்துவர ஸ்டேஷனுக்கு பேண்டு வாத்தியமும் வருகிறது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எதிர்த்துப் பேசத்தான் வாயைத் திறந்தேன், தம்பி. ஆனால் இரண்டிலும் தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடுவோம், வேறு ஆளும் இல்லை. நானும் கையைத் தூக்கிவிட்டேன்.