முக்காட்டு மாமாவின் வைஃபை

பம்பாயில் தேடினால் கிடைக்காதது எதுவும் இல்லை என்பார்கள். தப்பு. காலை நேர லோக்கல் ரயிலில் ஜன்னல் சீட் கிடைக்கும். தாராவியில் வெயில் விழுகிற வீடு கூடக் கிடைக்கும். முக்காட்டு மாமாவிடம் வைஃபை கிடைக்காது.

தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் எங்கள் சந்து. அதில் மாமாவுக்கு பக்கிள் கடை. பெல்ட்டுக்கும் தோல் பைக்கும் வைக்கிற பக்கிள், ஜிப், ரிவெட் விற்பார். நான் பெல்ட் தைக்கிறவன். எதிர்வீடு.

சந்தில் தகரத்துக்கு மேல் தகரம். போன் சிக்னல் உள்ளே வராது. வந்தாலும் நிற்காது. நெட் கம்பெனிக்காரர்கள் சந்தின் அகலத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போவார்கள். மாமா மட்டும் எவனையோ பிடித்துக் கூரைக்குக் கூரை வயர் இழுக்க வைத்து, கடைக்கு மேல் அறையில் ஒரு டப்பாவை மாட்டிவிட்டார். சந்துக்கே அது ஒன்றுதான்.

காசு வாங்க மாட்டார். வாங்கினால் சண்டையாவது போடலாம். அதற்கும் வழியில்லை.

கனெக்ஷன் வேண்டுமென்றால் செருப்பைக் கீழே விட்டு இரும்பு ஏணியில் ஏற வேண்டும். மேலே போனால் விசாரணை.

"பேரு?"

"என்ன மாமா, தெனமும் உங்ககிட்டதானே பக்கிள் வாங்குதேன்."

"அது கடை. இது கனெக்ஷன். பேரைச் சொல்லும்."

சொன்னேன்.

"ஊரு?"

"பத்தமடை."

"ஏர்வாடி இல்லியே. ஒரு ஏர்வாடிக்காரரை ஜாமீனுக்குக் கூட்டிட்டு வாரும்."

தாராவியில் ஊருக்கு ஒரு ஜமாஅத் உண்டு. கல்யாணம், மையத்து அடக்கம், பஞ்சாயத்து எல்லாம் ஊர்க் கணக்குதான். ஏர்வாடிக்காரரான மாமா வைஃபையையும் அதில் சேர்த்துவிட்டார்.

"என் பொஞ்சாதி ஏர்வாடிதானே மாமா?"

"அவளுக்கு உண்டு. போனைக் குடுத்தனுப்பும். உமக்குக் கெடையாது."

"அவ எனக்கு ஜாமீன் நிக்கக் கூடாதா?"

"புருஷனுக்குப் பொஞ்சாதி ஜாமீன் நின்னா ஜெயில்ல ஒருத்தன் இருக்க மாட்டான்வே."

ஒரே வீடு. அவளுக்கு நெட் உண்டு. எனக்கு இல்லை. அவள் மீன் குழம்பு வீடியோ பார்ப்பாள். நான் சுவரைப் பார்ப்பேன்.

பாஸ்வேர்டை யாரிடமும் சொல்ல மாட்டார். போனை வாங்கி, தோளில் கிடக்கிற துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு, உள்ளே உட்கார்ந்து ஒற்றை விரலால் குத்துவார். அதனால்தான் முக்காட்டு மாமா. நாம் அதுவரை சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். லேசாக அசைந்தாலும் துண்டுக்குள்ளிருந்து, "ஓய்!" என்று வரும். மாமாவுக்குக் கண் சரியில்லை. எழுத்தைத் தப்பாகக் குத்துவார். போன் ஏற்காது. "ஒம்ம போனுக்கு மரியாதை தெரியல" என்று மறுபடியும் உள்ளே போவார்.

எனக்கு ஜாமீன் தேடிக்கொண்டிருந்தபோது குட்டு என்று ஒருவன் மேலே போனான். ஜரிகை வேலை செய்கிறவன். உத்தரப் பிரதேசம். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வாய் நிறைய பானோடு, "ஏர்வாடி" என்றான்.

"எந்தத் தெரு?"

"பள்ளிவாசல் தெரு."

பள்ளிவாசல் தெரு இல்லாத ஊர் எது? மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கீழே நின்ற என்னைப் பார்த்து, "பாத்தீரா வே, பாஷை மறந்தாலும் பய ஊரை மறக்கல!" என்றார். குட்டுவுக்கு உடனே கனெக்ஷன்.

இந்த நேரத்தில் என் மகள் சபீனாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ரியாத்தில். அவன் உம்மா மேலப்பாளையத்தில். அவனுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. ஜும்மா தொழுகை முடிந்து வீடியோ காலில் பெண் பார்ப்பதாகப் பேச்சு.

முதல் வெள்ளி என் போனில் பேசினோம். சபீனா "அஸ்ஸலாமு" என்று வாயைத் திறந்தாள். படம் அப்படியே நின்றுவிட்டது. திறந்த வாய் மூடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தம்மா குரல் மட்டும் வந்தது.

"பொண்ணுக்கு வாய் பெருசோ?"

பிறகு போன் செய்து சொன்னார்கள். "அடுத்த வெள்ளியும் இப்படின்னா நாங்க வேற இடம் பாத்துக்கிடுதோம்."

அடுத்த வெள்ளி என் மனைவி போன் என்று முடிவு செய்தோம். அதில்தான் மாமாவின் வைஃபை இருக்கிறதே.

அன்று காலை அதுவும் போய்விட்டது. குட்டு தன் போனில் ஒரு சதுரக் கோலத்தைக் காட்டியிருக்கிறான். அதைப் போட்டோ பிடிக்கிற மாதிரிப் பிடித்தால் பாஸ்வேர்டே வேண்டாமாம். ஜரிகைப் பட்டறை முழுக்க உள்ளே வந்துவிட்டது. மாமாவுக்கு அது தெரிந்து பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். எல்லோருக்கும் பந்த்.

ஜும்மா முடிந்து ஓடினேன். மாமா ஏணி உச்சியில் உட்கார்ந்திருந்தார்.

"நான் ஒருத்தன்கிட்டயும் சொல்லலியே. அது எப்படிவே ஓடிப்போச்சு?"

"அதை அப்புறம் பேசலாம் மாமா. சபீனாவைப் பாக்க இப்போ கூப்பிடுவாங்க."

மனைவியின் போனை நீட்டினேன். துண்டு ஏறியது. நான் சுவரைப் பார்த்தேன். போன் ஏற்கவில்லை. மறுபடி. ஏற்கவில்லை. எதிரே எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து சபீனா கத்தினாள்.

"வாப்பா, ஜல்தி! மாமா, ப்ளீஸ்!"

துண்டு அசையவில்லை. திரும்பினேன். மாமா வேர்த்து உட்கார்ந்திருந்தார்.

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல. ஞாபகம் வரல."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டப்பாவைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டிருப்பேன். மகள் ஜன்னலில் நின்றாள்.

மாமா ஏணியில் நின்று சிக்னல் பிடித்து, வயர் இழுத்தவனுக்குப் போன் போட்டார். டப்பாவின் பின்னால் ஒரு ஓட்டை இருக்கிறது, ஊசியால் அமுக்கினால் டப்பாவோடு வந்த பாஸ்வேர்டுக்கே போய்விடும், அது டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கிறது என்றான். பெல்ட் தைக்கிற ஊசி என் சட்டையில் குத்தியிருந்தது. அமுக்கினேன். விளக்குகள் அணைந்து மறுபடி எரிந்தன.

அடியில் பொடி எழுத்து. மாமா மூக்கோடு வைத்துப் பார்த்தார். தெரியவில்லை. டப்பாவை என்னிடம் கொடுத்தார்.

"நீரே போடும்."

சொல்லிவிட்டுத் தானாகவே சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சட்டம் அவருக்கும் சட்டம்.

போட்டேன். ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்கு ஓடினேன். அழைப்பு வந்தது. சபீனா வாயைத் திறந்தாள். படம் நடுங்கியது. சட்டென்று படம் தெளிந்தது. நிமிர்ந்து பார்த்தால் மாமா ஏணியைத் தூக்கி வந்து எங்கள் ஜன்னலுக்கு வெளியே சாத்தி, வயர் எட்டுகிற மட்டும் டப்பாவை இழுத்து, இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்தபடி நிற்கிறார்.

அந்தம்மா கேள்வி கேட்டு முடிகிற பாடாக இல்லை. மாமா ஏணியில் கால் மாற்றி நின்றார். டப்பாவை இறக்கவில்லை. இருமல் மட்டும் வந்துவிட்டது.

"யாரு அங்கன இருமுதது?"

சபீனா ஜன்னலைப் பார்த்தாள்.

"எங்க ஊர்க்கார மாமா."

மாமா மறுபடி இருமினார். இந்தத் தடவை தேவையே இல்லை.

சம்பந்தம் பேசி முடிந்தது. மறுநாள் மாமா புதுப் பாஸ்வேர்டு வைத்தார். என்னை மேலே கூப்பிட்டுப் போனை வாங்கினார். பேரு கேட்டார். ஊர் கேட்கவில்லை.

மாமா இப்போது உல்லாஸ்நகரில் மகன் வீட்டில் இருக்கிறார். கண் இன்னும் மோசம். சபீனாவின் பிள்ளை படத்தைக் காட்டப் போயிருந்தேன். நெட் வரவில்லை. மாமா கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். துண்டு ஏறியது. பழக்கத்தில் சுவர்ப் பக்கம் திரும்பினேன். அந்த வீட்டு பாஸ்வேர்டை அவர் மகன் பெரிய எழுத்தில் அந்தச் சுவரிலேயே ஒட்டி வைத்திருந்தான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.