இன்னொருக்கா அண்ணை பாட்டுப் பதிந்த கதை

சுவிஸின் பேர்ண் நகரத்தில் எதையும் முதல் தடவையிலேயே சரி என்று ஒப்புக்கொள்ளாத மனிதர் ஒருவர்தான். தேநீரைக்கூட இரண்டாம் தரம் போடச் சொல்லித்தான் குடிப்பார். அவருடைய பெயர் தபால்பெட்டியில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் இன்னொருக்கா அண்ணை.

வேலை ஆஸ்பத்திரிக் குசினியில், சமையல். உயிர் பாட்டுப் பதிவில். யுத்தம் வந்தால் ஒளிந்துகொள்ள என்று இந்த நாட்டில் கட்டடங்களுக்கு அடியில் பங்கர் கட்டி வைத்திருக்கிறார்கள் அல்லவா, அப்படி ஒன்றை வாடகைக்கு எடுத்து ஸ்டூடியோ ஆக்கியிருந்தார். சுவர் முழுக்கக் குசினியில் மிஞ்சிய முட்டை அட்டைகள்.

"ஊரிலை பங்கருக்குள்ளை சத்தம் போடாதேங்கோ எண்டவை. இஞ்சை சத்தம் போடத்தான் பங்கர் தந்திருக்கிறாங்கள்," என்பார்.

இன்று சுவிஸின் தமிழ்க் கலியாண மண்டபங்களில் கிழவர்களையும் துள்ள வைக்கும் அந்த ராக் பாட்டு எங்கள் நாலு பேருடையது. நான் கிற்றார். 2010இல் ஒரு சனிக்கிழமை, அந்தப் பங்கரில்தான் அதைப் பதிந்தோம்.

கம்ப்யூட்டர் பிழைகளை மறைத்துவிடும் என்று அண்ணைக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. பழைய டேப் மெஷின் ஒன்று வைத்திருந்தார். டேப் சுருளோ ஒன்றே ஒன்று. அவர் "இன்னொருக்கா" என்றால் முன்னர் வாசித்தது அழிந்து, அதன் மேல்தான் புதியது பதியும். நன்றாக வாசித்த சந்தோசம் எங்களுக்கு அவர் வாய் திறக்கும் வரைக்கும்தான்.

மணிக்கூட்டுச் சத்தம் டேப்பில் விழும் என்று எல்லாருடைய மணிக்கூட்டையும் போனையும் பறித்து, ஒரு சோற்றுப் பானையில் போட்டுக் கதவுக்கு வெளியே வைத்துவிடுவார். அன்று நான் மட்டும் ஒரு மணிக்கூட்டைக் கால் சப்பாத்துக்குள் ஒளித்திருந்தேன். காரணம் அவருடைய மனைவி. காலையில் என்னைப் படியில் மறித்தார்.

"தம்பி, இவர் வேலைக்குப் பிந்திப் போனதுக்கு ரெண்டு கடிதம் வந்திட்டுது. இண்டைக்கும் பிந்தினா வேலை போயிடும். வேலை போனா இந்த நாட்டிலை இருக்கிற பெர்மிட்டும் புதுப்பிக்க மாட்டாங்கள். மூண்டரை பஸ்ஸிலை எப்பிடியும் ஏத்திவிடும்."

ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். பக்கத்து அறையில் உடுப்புத் தோய்க்கும் மெஷின் உறுமியதால் ஒரு தரம் போனது. முட்டை அட்டை விழுந்ததால் ஒன்று. அண்ணையே தும்மியதால் ஒன்று. அதற்கும் எங்களைத்தான் முறைத்தார். பாடகி ஜெனிக்குத் தொண்டை அடைத்தபோது மிளகு ரசம் ஊற்றிக் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும் முன்பே "இன்னொருக்கா" என்றார்.

மூன்று மணி தாண்டிப் பதினாறாம் தரம். அது சரியாக வந்துவிட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஜெனி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அண்ணை ஹெட்போனைக் கழற்றினார்.

"கடைசியிலை ட்ரம்ஸ் தாளத்தை முந்திக் கொஞ்சம் ஓடுது. இன்னொருக்கா."

சப்பாத்துக்குள் எட்டிப் பார்த்தேன். மூன்று இருபத்திரண்டு. பாட்டோ ஆறு நிமிடம். உங்களுக்கு வேலைக்கு நேரமாகிறது என்றேன். குசினி எங்கேயும் போய்விடாது என்று சொல்லிக்கொண்டே டேப்பைப் பின்னால் சுற்றத் தொடங்கினார். இன்னும் கொஞ்ச நேரத்தில் பாட்டும் அழியும், வேலையும் போகும். என் பையில் தந்தி வெட்டும் சின்னக் குறடு இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பி, கிற்றாரின் ஆகத் தடித்த தந்தியில் வைத்து அமத்தினேன். டங் என்றது.

அண்ணை ஓடி வந்து கிற்றாரை வாங்கிப் பார்த்தார்.

"இந்தத் தடிச்ச தந்தியோ அறுந்தது?"

"ஓம் அண்ணை."

"வேறை இருக்கோ?"

"வீட்டைதான் கிடக்கு."

புதுத் தந்திப் பெட்டி என் ஜாக்கெட்டுக்குள் கிடந்தது. அவர் அறுந்த நுனியை விரலால் தடவினார், பெருமூச்சு விட்டார், பிறகு கிற்றாரைத் திருப்பித் தந்தார். அவரைத் தள்ளாத குறையாகப் படியேற்றி, பஸ் கதவு மூடும்வரை நின்று பார்த்தேன்.

வேலை தப்பியது. பெர்மிட்டும் வந்தது. எந்தக் கலியாணத்தில் அந்தப் பாட்டுப் போனாலும் அண்ணை என்னைத் தேடி வந்து, அந்தத் தந்தி மட்டும் அறாமல் இருந்திருந்தால் என்று கவலைப்படுவார். நானும் தலையை ஆட்டுவேன். கடைசியில் ட்ரம்ஸ் ஓடுவது எனக்கும் கேட்கும். அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குச் சந்தோசமாக இருக்கும். குறை சொல்ல மனுசன் இங்கேயே இருக்கிறார்.