கடைவாய்ப்பல் வைத்தியம்

உமாபதி சோற்றைக் கடித்தார், வலி இல்லை. கடித்த பல்லை விட்டார், உயிர் போனது. கடிக்கும்போது சும்மா இருந்துவிட்டு விடும்போது வலிக்கிற பல்லை அவர் கேள்விப்பட்டதே இல்லை. சொல்லி அழலாமென்றால் வீட்டில் தறியைத் தவிர யாரும் இல்லை.

மனைவி மங்கையர்க்கரசி ஆடியிலேயே காஞ்சிபுரத்தை விட்டு வாலாஜாபாத்தில் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். நெய்த சேலையின் முந்தானையில் மாங்காய் டிசைன் கோணலாக விழுந்தது அவளால்தான் என்று இவர் வாயை விட்டிருந்தார். "அப்ப நீங்களே நெய்துக்கோங்க" என்று கிளம்பியவளைத் திரும்பக் கூப்பிட ரோஷம் விடவில்லை. ராத்திரிச் சோறு தொண்டையில் இறங்காததற்குப் பல் மட்டும் காரணமில்லை.

கிராம்பை வைத்துக் கடித்தார். வலி காதுவரை ஏறியது.

பக்கத்து வீட்டுக் கலியன், "ஐஸ் வெச்சா மரத்துப் போவும்ணே" என்று சோடாக் கடையிலிருந்து ஒரு கட்டி வாங்கி வந்தான். வைத்ததும் உமாபதி தறிக்குழியில் விழாத குறையாகத் துள்ளினார்.

கடைசியில் பல் டாக்டர். அவர் ஒவ்வொரு பல்லிலும் ஒரு குச்சியை வைத்துக் கடிக்கச் சொல்லி, விடச் சொன்னார். கடைவாயில் விட்டபோது உமாபதி டாக்டரின் கையையே பிடித்துக்கொண்டார்.

"பல்லுல கீறல் விட்டிருக்கு. அப்படி எதைக் கடிச்சீங்க?"

"ஜரிகை அறுந்தா ஒரு முனையைப் பல்லுல இழுத்துப் பிடிச்சிக்கினு முடி போடுவேங்க."

"பிடிக்க வீட்டுல ஆள் இல்லையா?"

இத்தனை வருஷமும் அந்த முனை மங்கையின் விரலில்தான் இருந்தது.

"ஊருக்குப் போயிருக்குது."

"இப்போ வளையம் போட்டுக் கட்டறேன். அப்புறமா கேப் போடலாம். மறுபடி பல்லால இழுத்தா ரெண்டாப் பிளந்துடும், பிடுங்கத்தான் வேணும். அவங்களை வரச்சொல்லுங்க."

டாக்டரே சொன்ன பிறகு ரோஷமாவது ஒன்றாவது. உமாபதி நேரே வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறினார். வழியெல்லாம் "டாக்டர் சொன்னாரு" என்று தொடங்கிப் பேசிப் பார்த்தார். கெஞ்சுகிற மாதிரி இருக்கக் கூடாது. ஆனால் அவள் வரமாட்டேன் என்றுவிட்டால், மறுபடி அந்த வீட்டுக்குத் தனியாகத் திரும்ப அவருக்குத் தெம்பில்லை.

மச்சான் மனைவி பெரியநாயகி கதவைத் திறந்தாள்.

"டாக்டர் சொன்னாரு..." என்று உமாபதி ஆரம்பித்தார்.

"அண்ணி காலையிலயே காஞ்சிபுரம் பஸ் ஏறிட்டாங்களேண்ணே. ஒரே பல்வலி, அங்கதான் நல்ல டாக்டர் இருக்காருன்னு பெட்டி படுக்கையோட கெளம்பிட்டாங்க" என்றாள் அவள். பிறகு குழப்பத்தோடு கேட்டாள்: "ஏண்ணே, அவங்க வாயில இருக்கறது மொத்தமும் பல்செட்டுதானே?"