சீர்ப்பானைக்கு ஈயம் வைத்த கதை

மனைவியிடம் எதையும் மறைத்துவிடலாம், அவள் இரசாயனவியல் ஆசிரியையாக இல்லாத பட்சத்தில். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பித்தளைப் பானை செலவானது.

எங்களுக்குத் திருமணமாகி முதல் தைப்பொங்கல். பன்விலவில் இருக்கும் மாமனார் சீராகக் கொடுத்த பானையைத் தூக்கிக்கொண்டு வந்து, கண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கீழே போட்டுவிட்டேன். (போட்டேன் என்பது மரியாதையான சொல். அது படிப்படியாகக் குதித்து இறங்கி, ஒரு முச்சக்கர வண்டியில் மோதித்தான் நின்றது.) அடியில் மெல்லிய வெடிப்பு. பொங்கலுக்கு மாமாவும் மாமியும் அம்பிட்டியவில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. சீர்ப்பானையை உடைத்த மாப்பிள்ளை என்ற பெயரோடு மிச்சக் காலத்தை எப்படி ஓட்டுவது?

நான் வேலை செய்வது ரேடியோ, மின்விசிறி பழுதுபார்க்கும் கடையில். ஈயக்கம்பியை உருக்கி ஒட்டுவது எனக்குக் கைவந்த கலை. வெடிப்பை அடைத்தேன். கடை அடுப்பிலேயே தண்ணீர் நிரப்பிக் கொதிக்க வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. ஈயம் தெரியாமலிருக்க அதன்மேல் மஞ்சளைப் பூசினேன். என் மனைவி அகிலா அதைப் பார்த்து என் பக்தியை மெச்சினாள்.

பொங்கலன்று முற்றத்தில் செங்கல் அடுக்கி விறகைப் பற்றவைத்தோம். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மாப்பிள, நல்ல நேரம் முடியப் போகுது. சீக்கிரம்!"

அகிலா பால் எடுக்க உள்ளே போயிருந்தாள். பானை முன்கூட்டியே சூடாக இருந்தால் பால் விரைவாகப் பொங்குமே என்று வெறும் பானையை நெருப்பில் ஏற்றிவிட்டேன். (மூளை என்று ஒன்று இருப்பதன் ஆபத்து இதுதான்.) அவள் வந்து பாலை ஊற்றினாள். சுர்ரென்று சத்தம், கண்ணைக் கரிக்கும் புகை. நெருப்பு அணைந்துவிட்டது.

"ஐயோ, பாலெல்லாம் கீழால போகுதே!" என்று மாமி அலறினார்.

மாமா குச்சியால் சாம்பலைக் கிளறினார். "இது என்னா மாப்பிள, வெள்ளி மாதிரி மின்னுது?"

எனக்குத் திடீரென்று தூரத்தில் தெரிந்த ஹந்தானை மலையை ரசிக்க வேண்டும்போல் இருந்தது. அகிலா சாம்பலில் கிடந்த அந்த ஈய உருண்டையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, பட்டர வெயில்ல வச்சாலே உருகிடுது. உப்ப அடுப்பில வச்சாலும் உருகல. ஏன் தெரியுமா?"

"தெரியாதேம்மா."

"எந்தப் பொருளும் குட்டிக்குட்டித் துணிக்கைங்கதான். ஒண்ண ஒண்ணு புடிச்சிக்கிட்டு இருக்கும். பட்டர்ல அந்தப் புடி லேசு. கொஞ்சம் சூடு பட்டாலே விட்டுரும். உப்புல உடும்புப்புடி. இந்த ஈயத்தில பித்தள அளவுக்குப் புடி இல்ல. அதான் பான நிக்குது, ஒட்டு போயிருச்சு."

"தண்ணி கொதிக்கிறப்போ ஒழுகலையே!" என்றேன் நான், அவசரக் குடுக்கையாக.

"ஓ, கொதிக்க வச்சு வேற பாத்தீங்களா? தண்ணி சூட்ட வாங்கிக்கிச்சு, ஈயம் தப்பிச்சிருச்சு. வெறும் பானையில யாருங்க வாங்கிக்குவா? நல்லவேள, இதில பொங்கிச் சாப்பிடல. ஈயம் வெஷம்."

தினமும் ஈயத்தை உருக்குகிறவன் நான். அது ஏன் இவ்வளவு சுலபமாக உருகுகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. புடவையெல்லாம் பால் தெறித்திருக்க, புகையால் கண்ணில் நீர் வழிய, அவள் வகுப்பில் நிற்பதுபோல் நின்று சொன்னாள். என் மானம் போய்க்கொண்டிருந்ததையும் மறந்து வாயைப் பிளந்து கேட்டேன். இவள் என் மனைவி என்று பெருமையாக இருந்தது.

"எல்லாம் சரி," என்றார் மாமா. "பானை எப்படி வெடிச்சிச்சு?"

பஸ் படி முதல் முச்சக்கர வண்டி வரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மாமா திட்டவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து சிரித்தார். அன்று அலுமினியச் சட்டியில்தான் பொங்கினோம்.

இப்போதும் ஒவ்வொரு பொங்கலுக்கும், பால் எந்தப் பக்கம் பொங்கி வழிந்தது என்று சொந்தக்காரர்கள் போனில் கேட்பார்கள். மற்ற வீடுகளில் கிழக்கு என்றோ வடக்கு என்றோ பதில் வரும். எங்கள் வீட்டில் மாமா போனைப் பிடுங்கிக்கொள்வார்.

"மாப்பிளய இன்னும் அடுப்புப் பக்கம் விடல. விட்டா அடிப்பக்கந்தான்."