மேல் இடது நாலு

"யாரோட கெஸ்ட் சார்?" என்று கோல்ஃப் கிளப் ரிசப்ஷனில் இருந்த பெண் கேட்டதும்தான், தன்னைக் கூப்பிட்டவரின் பெயரே தெரியாது என்பது பல் டாக்டருக்கு உறைத்தது.

பெயர்தான் தெரியாது. மற்றபடி ஆளை நன்றாகவே தெரியும். மேல் வரிசை, இடது பக்கம், நாலாவது பல். பாதி உடைந்திருந்த அந்தப் பல்லுக்கு மூன்று வாரம் முன்னால் இவர்தான் கேப் போட்டார். வாய் கொப்பளிக்கிற இடைவெளியில், மூலையில் சாத்தியிருந்த கோல்ஃப் மட்டையைப் பார்த்து அந்த மனிதர் விசாரிக்க, டாக்டர் மனசைக் கொட்டிவிட்டார். மூன்று வருஷமாக மொட்டை மாடியில் வலை கட்டி அடிக்கிறார். நிஜப் புல்லில் ஒரு தடவைகூட ஆடியதில்லை. ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டால் போதும்.

"நம்ம கிளப்புக்கு வாங்க டாக்டர். அங்க பதினெட்டுக் குழியும் எனக்கு அத்துப்படி. திங்கக்கிழமை வாங்க, கெஸ்டா ஆடலாம்."

திங்கட்கிழமை கிளினிக்கில் மூச்சுவிட நேரமிருக்காது. ஞாயிறே வருவதாக டாக்டர் மெசேஜ் போட்டார். பதில் இல்லை. பெரிய மனுஷனுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று கிளம்பி வந்துவிட்டார்.

இப்போது போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். திரையில் 'மேல் இடது நாலு' என்றிருந்தது.

"இது என்ன சார், ஃபிளாட் நம்பரா?"

"செல்லப் பேரு."

"அவ்ளோ பழக்கமா?"

"வாய்க்குள்ள கை விடற அளவுக்கு."

அவள் பேனாவை மூடி வைத்தாள். மெம்பர் பெயர் இல்லாமல் உள்ளே விட்டால் தன் வேலை போய்விடும் என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புல் பச்சைப்பசேலென்று கிடந்தது. டாக்டர் பையைத் தோளில் மாட்டித் திரும்பியபோது சுவரில் வரிசையாகப் பழைய கேப்டன்களின் படங்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரின் கண் வழக்கம்போலப் பல்லுக்குப் போனது. மூன்றாவது படத்தில், மேல் இடது நாலாவது பல் பாதி உடைந்திருந்தது.

"இவர்தான். இவர் கெஸ்ட்தான் நான்."

அந்த முன்னாள் கேப்டன் உள்ளேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் வெளியே வந்து டாக்டரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு, "எவ்ளோ நேரம்யா காத்துக்கிட்டிருக்கறது?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

முகம் பிடிபடவில்லை. ஆனால் டாக்டர் ஜனங்களைப் பார்ப்பதெல்லாம் தலைமாட்டிலிருந்து, தலைகீழாகத்தானே. கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். தாடை அதே தாடை மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

முதல் அடி பந்தைவிட மண்ணை அதிகம் கிளப்பியது. இரண்டாவது, மரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. தூரத்தில் புல் வெட்டும் வண்டியில், முகத்தில் துணி கட்டிய ஓர் ஆள் இரண்டு கையையும் ஆட்டினான்.

"தள்ளிப் போகச் சொல்றான்" என்றார் கேப்டன். தள்ளிப் போனார்கள். அடுத்த குழியிலும் அவன் கை ஆட்டினான். அங்கிருந்தும் தள்ளிப் போனார்கள். தள்ளித் தள்ளிப் போனதில் டாக்டரின் பந்து குளத்தில் விழுந்தது.

கேப்டன் அதிகம் பேசவில்லை. எங்கே சந்தித்தோம் என்ற பேச்சே எடுக்கவில்லை. டாக்டரும் எடுக்கவில்லை. ஒன்பதாவது குழியில் டாக்டர் மட்டையை வீசியதும் பந்து அங்கேயே இருக்க, மட்டை மட்டும் பறந்தது. கேப்டன் வாய்விட்டுச் சிரித்தார்.

பல் இன்னும் உடைந்தே இருந்தது. டாக்டர் போட்ட கேப் அதில் இல்லை.

அதற்கப்புறம் புல்லில் கால் பதியவில்லை டாக்டருக்கு. சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆசைப்பட்ட ஆட்டம் பாதியில் நிற்கும். சொல்லாமல் ஆடலாமென்றால், ஒரு வயசானவரை ஏமாற்றுகிற கை மட்டையைப் பிடிக்க மறுத்தது. பத்தாவது குழிக்கு நடக்கும்போது நின்றார்.

"சார், நான் உங்க கெஸ்ட் இல்ல. நீங்க என்னைக் கூப்பிடவே இல்ல. நான்தான் ஆள் மாத்தி..."

கேப்டன் மட்டையை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார்.

"நிஜமாவா? நான் கூப்பிடலையா?"

"சத்தியமா இல்ல சார்."

"அப்ப நான் மறக்கல?"

கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு மாசமாக வீட்டில் எதற்கெடுத்தாலும் அவர் மறந்துவிட்டதாகச் சொல்கிறார்களாம். காலையில் டாக்டரைப் பார்த்ததும், சரி, ஆளும் மறந்துபோக ஆரம்பித்துவிட்டது என்று பயந்துபோனாராம். ஒன்பது குழியும் அந்தப் பயத்தோடுதான் ஆடினாராம்.

"நீ ஆடுய்யா" என்றார். "இனிமே நெஜமாவே நீ என் கெஸ்ட்."

"அப்ப என்னைக் கூப்பிட்ட மெம்பர் யாரு சார்?"

புல் வெட்டும் வண்டி இப்போது நேராக அவர்களிடமே வந்து நின்றது. அந்த ஆள் இறங்கி, முகத்துத் துணியை அவிழ்த்துச் சிரித்தான். மேல் இடது நாலு, வெயிலில் பளிச்சென்று மின்னியது.

"காலைலேர்ந்து கை ஆட்டறேன், கண்டுக்கவே மாட்டேங்கறீங்களே டாக்டர், மெம்பருங்க வராத திங்கக்கிழமைதானே எங்க ஸ்டாஃப் ஆட்டம், நாளைக்குல்ல உங்கள என் கெஸ்டா வரச் சொன்னேன்?"